25ஆம் தேதிக்குப் பிறகும் கிறிஸ்துமஸ் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் கடைசி வாரம் பிறந்ததுமே உங்கள் நாளிதழின் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கங்களில் கிறிஸ்துமஸ் தள்ளுபடி விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வியாபாரம் அவரவர் பிழைப்பு. ஆனால் கடைக்காரரின் கிறிஸ்துமஸ் டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 25ஆம் தேதி மதியத்தோடு முடிந்துவிடும். சபை நாட்காட்டி அப்படி இல்லை. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறு தொடங்கி நான்கு ஞாயிறுகள் அட்வெந்து, அதாவது காத்திருக்கும் காலம். பண்டிகைக் காலம் தொடங்குவதே 25ஆம் தேதிதான். ஜனவரி 6 பிரசன்னத் திருநாள் அதன் எல்லை. கொங்கு நாட்டுச் சபைகள் பலவும் தங்கள் நாட்காட்டியை விட்டுவிட்டுக் கடைக்காரரின் நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு உடம்பால் விலை கொடுப்பது ஆயர் (சபைப் போதகர்) வீடு. அந்த வீட்டில் ஒரு நோயாளியும் இருந்துவிட்டால் என்ன ஆகிறது, சபையார் எதைச் செய்யலாம், எதைச் செய்யாமல் இருக்கலாம் என்று தென்னிந்தியத் திருச்சபையின் குருசேகரக் கமிட்டியிலும் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் நிர்வாகக் குழு) பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் பொறுப்பு வகித்தவர்கள் சேர்ந்து எழுதுகிறோம்.

கோபி, சத்தியமங்கலம், தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கம் உள்ள ஒரு குருசேகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஒரு பெரிய கோயில், அதைச் சேர்ந்து நான்கைந்து கிராமக் கோயில்கள். ஆயர் ஒருவர், அவருக்கு உதவும் உபதேசியார் ஒருவரோ இருவரோ. டிசம்பரில் ஞாயிறு பள்ளிக் கிறிஸ்துமஸ், வாலிபர் கிறிஸ்துமஸ், பெண்கள் ஐக்கியக் கிறிஸ்துமஸ், பள்ளிக்கூடக் கிறிஸ்துமஸ், விடுதிக் கிறிஸ்துமஸ், ஆஸ்பத்திரிக் கிறிஸ்துமஸ், கட்சிக்காரர்கள் நடத்தும் கிறிஸ்துமஸ் என்று பட்டியல் நீளும். எல்லா இடத்திலும் அதே வேதபாடம், அதே பாட்டு, அதே கேக் வெட்டு. இடையில் பொருட்களை வெள்ளைத் தாளில் சுற்றிப் படைக்கும் வெள்ளைக் காணிக்கை ஞாயிறு, கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடும் கேரல் ஆராதனை. இரவெல்லாம் வீடு வீடாகக் கேரல். மார்கழிப் பனியில் வயதானவர்கள் கண்மூடுவதும் இந்த மாதத்தில்தான் அதிகமாகத் தெரிகிறது. மாலை 4 மணிக்கு அடக்க ஆராதனை முடித்த கையோடு 7 மணிக்குக் கேரல் வண்டியில் ஏற வேண்டியிருக்கும். 24 இரவு கிராமங்கள், 25 விடியற்காலை 4.30க்கு அப்பமும் கிண்ணமும் பகிரும் திருவிருந்து ஆராதனை, 31 இரவு 11 மணிக்கு வருடக்கடைசி ஆராதனை, விடிந்தால் புத்தாண்டு ஆராதனை.

இந்தப் பாரம் இப்படிக் குவிந்ததற்கு வரலாறும் ஒரு காரணம். 1830இல் கோவைக்கு வந்த லண்டன் மிஷன் காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தது. கரூர், தாராபுரம் பக்கம் மெதடிஸ்ட் மிஷன். 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது ஒவ்வொரு மரபும் தன் ஆராதனையைக் கொண்டுவந்தது. அட்வெந்து ஒழுங்குகள் ஆங்கிலிக்கன் சீதனம். புத்தாண்டில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனை மெதடிஸ்ட் சீதனம், ஜான் வெஸ்லி 1755இல் தொடங்கி வைத்தது. எதையும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதன்மேல் கடந்த சில பத்தாண்டுகளில் நட்சத்திரம், டி-சர்ட், மேடை, ஸ்பான்சர் எல்லாம் ஏறிக்கொண்டன. கூடியது நிகழ்ச்சிகள் மட்டும், ஆயர் அதே ஒருவர்தான்.

ஆயரம்மாவின், அதாவது ஆயர் மனைவியின், நிலை இன்னும் மோசம். பலர் பள்ளி ஆசிரியைகள். அரையாண்டுத் தேர்வு சரியாக டிசம்பர் நடுவில் வந்து, பண்டிகைக்கு ஓரிரு நாள் முன்புதான் முடியும். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு, தேர்வு எழுதும் சொந்தப் பிள்ளைகள், இரவு ஒரு மணிக்குத் திரும்பும் கேரல் குழுவுக்கு டீ. 60 பேருக்கு ஆளுக்கு 100 மில்லி என்றால் 6 லிட்டர் டீ, அதற்கு 4 லிட்டர் பால். அந்த அடுப்பு குருமனை (ஆயர் வீட்டு) அடுப்பாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கமிட்டி ஒரு டீக்கடைக்காரரிடம் பிளாஸ்கில் சொல்லி வைத்தால் வேலை முடிந்தது.

இந்த வீட்டில் நோய் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த வகை நோய் என்பதை. சில நாளில் போகும் காய்ச்சலுக்கு ஒரு ஏற்பாடு, மாதக்கணக்கில் இழுக்கும் நோய்க்கு வேறு ஏற்பாடு. இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்தான் பெரும்பாலான சபைகள் தவறுகின்றன.

வடகிழக்குப் பருவமழை முடிகிற சமயம் என்பதால் டிசம்பரில் டெங்கு இருந்துகொண்டே இருக்கும். முதல் நான்கைந்து நாளுக்குள் என்.எஸ்.1 பரிசோதனை எடுக்கலாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், புரூஃபென் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும். பலரும் ஏமாறுவது காய்ச்சல் இறங்கும் நாளில். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம் தொடங்குகிறது. “காய்ச்சல் விட்டுருச்சுங்க, இன்னைக்குக் கேரலுக்கு வந்துருவாரு” என்று செயலர் மைக்கில் அறிவிப்பது அன்றைக்குத்தான். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதியோ மயக்கமோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி, 108. கேரல் அடுத்த வருடமும் வரும்.

சாதாரண வைரஸ் காய்ச்சல், சளி என்றால் சங்கடம் வேறு. அது ஆயரிடமிருந்து சபைக்குப் போகும். மாத்திரை போடாமலேயே காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரம் போன பிறகுதான் வெளியே வர வேண்டும். 400 பேருக்குத் தன் கையால் அப்பம் கொடுக்கும் ஒருவர் இருமிக்கொண்டே பீடத்தில் நிற்பதைத் தியாகம் என்று சபையார் மெச்சுகிறார்கள். அந்த 400 பேரில் சர்க்கரை நோயாளியும் கர்ப்பிணியும் ஆஸ்துமாக்காரரும் இருப்பார்கள். அதை எப்படித் தியாகம் என்பது?

ஆயர் எழுந்திருக்க முடியாவிட்டால் 25ஆம் தேதித் திருவிருந்தை யார் நடத்துவது என்பதற்கு ஒழுங்கு தெளிவாக உள்ளது. அபிஷேகம் பெற்ற ஆயர்தான் திருவிருந்தை நடத்த முடியும். உபதேசியாரோ கமிட்டிச் செயலரோ நடத்த முடியாது. வேதபாடம் வாசிப்பது, ஜெபம், பாடல், அனுமதி பெற்றுச் செய்தி கொடுப்பது, கேரல் ஆராதனை ஆகிய அனைத்தையும் சபையார் செய்யலாம். ஆகவே மாற்று ஆயர் தேவைப்படுவது திருவிருந்துக்கு மட்டும். 24ஆம் தேதி மாலை போனை எடுத்தால் யாரும் கிடைக்க மாட்டார்கள், எல்லா ஆயர்களுக்கும் அன்று அதே வேலை. வீட்டில் நோய் என்று தெரிந்த அன்றே பேராயர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பக்கத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரைக் கேட்டு வைக்க வேண்டும். ஓய்வுபெற்றவருக்கு 4.30 மணி கஷ்டம். ஆராதனையை 7 மணிக்குத் தள்ளினால் வானம் இடிந்து விழாது. கிராமக் கோயில்களுக்கு அதே ஆயரை ஒரே காலையில் ஓடவிடாமல் 26, 27 தேதிகளில் திருவிருந்து வைக்கலாம். அந்த நாட்களும் கிறிஸ்துமஸ் காலம்தான்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறோம். ஒரு வரிசைக்கு 16 பேர் முழங்காலிட்டால் 400 பேருக்கு 25 வரிசை. வரிசைக்கு 3 நிமிடம் என்றால் 75 நிமிடம். ஆயர் ஒருவரே அப்பமும் கிண்ணமும் கொடுத்தால் இன்னும் கூடும். உதவிக்குக் கிண்ணம் பிடிக்க அனுமதி பெற்ற ஒருவர் இருந்தால் வேகம் வரும், நிற்கும் நேரமும் குறையும். முதுகுவலி, மூட்டுவலி உள்ள ஆயருக்கு பீடத்தின் ஓரம் ஒரு நாற்காலி போட்டு வைப்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

இனி கேரல். இரவுக்கு 25 வீடு என்று வையுங்கள். வீட்டுக்கு 10 நிமிடம், நடக்கவும் வண்டி ஏறவும் 5 நிமிடம், மொத்தம் 375 நிமிடம். 7 மணிக்குக் கிளம்பினால் ஒன்றேகாலுக்குத்தான் திரும்ப முடியும். திறந்த டெம்போவில் மார்கழிப் பனி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, ஜெனரேட்டர் புகை. ஆஸ்துமா உள்ளவர் இரண்டாம் நாளே இழுக்கத் தொடங்குவார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்கு நள்ளிரவு வரை விதிவிலக்கு கொடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஆஸ்பத்திரியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். விடியற்காலை ஆராதனைக்குக் கூம்பு ஒலிபெருக்கி கட்டும் சபைகளும் இதைக் கவனிப்பது நல்லது. நோயாளி ஆயர் வீட்டில் மட்டுமா இருக்கிறார்?

வழி எளிது. ஆறு வீட்டை ஒரு தெருக்கூட்டம் ஆக்குங்கள். ஒரு வீட்டு வாசலில் பாய் விரித்து ஆறு குடும்பமும் கூடட்டும். பாட்டு, வேதபாடம், ஜெபம் எல்லாம் 25 நிமிடம். நான்கு இடத்தில் இப்படி நடத்தினால் 24 குடும்பம் முடிந்து ஒன்பதரைக்குள் வீடு திரும்பலாம். இதில் வரும் ஒரே எதிர்ப்பு எல்லோருக்கும் தெரியும். “போன வருசம் அவங்க வீட்டுல அரை மணி நேரம், நம்ம வீட்டுக்கு வரவே இல்லைங்களா?” இந்தப் பேச்சை முளையிலேயே கிள்ள, எந்த வாசலில் கூடுவது என்பதைக் கமிட்டி பெரிய மனிதர் வீடு பார்த்து முடிவுசெய்யக் கூடாது. படுத்த படுக்கையாக யாராவது உள்ள வீடு முதலில், தனியாக இருக்கும் விதவை வீடு அடுத்து, பிறகு மற்றவர்கள். ஆயரே வீட்டுக்குள் வந்து ஜெபிக்க வேண்டும் என்று விரும்பும் குடும்பங்களுக்கு டிசம்பர் 26 முதல் ஜனவரி 6 வரை பகலில் நேரம் ஒதுக்குங்கள். புத்தாண்டு வரை பள்ளி விடுமுறை, பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், ஆயரும் நிதானமாக உட்கார்ந்து பேசலாம். திருப்பூரில் தென்மாவட்டத்துக்காரர்கள் பலர் 23ஆம் தேதி இரவே பஸ் ஏறிவிடுவதால் பாடகர் குழுவில் ஆள் குறையும். அவர்கள் திரும்பி வந்த பிறகு ஜனவரி முதல் வாரத்தில் அவர்கள் தெருவுக்குப் போனால் இரண்டு பேருக்கும் வசதி.

கேரலில் யாரும் பேசாத இன்னொன்று கேக். 50 கிராம் பிளம் கேக்கில் சர்க்கரை ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். பத்து வீட்டில் ஒவ்வொரு துண்டு என்றால் 200 கிராம். வாங்காவிட்டால் வீட்டுக்காரர் முகம் சுருங்குகிறது. சர்க்கரை நோய் உள்ள ஆயர்களுக்கு இதன் மறுபக்கமும் ஆபத்து. மாலை மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாடு 12 மணிக்குப் போய்விட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கேரல் குழுவில் ஒருவர் பையில் ஒரு சுண்டல் பொட்டலமும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும். எட்டு மணிக்கு முதல் தெருவிலேயே ஆயருக்கு இரண்டு இட்லி கொடுத்து அனுப்பும் வீடு பத்து கேக் கொடுத்த வீடுகளைவிடப் பெரிய உபகாரம் செய்கிறது.

நீண்ட நாள் நோய்க்கு வருவோம். ஆயரோ, ஆயரம்மாவோ, அவர்களுடன் இருக்கும் பெற்றோரோ டயாலிசிஸில் இருந்தால் வாரம் இரண்டோ மூன்றோ நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் போய்விடும். போக வர நேரம் தனி. டிசம்பர் அட்டவணை எழுதும்போது அந்த நாட்களை முதலில் எழுதிவிட்டு மற்றதைச் சுற்றிலும் அடுக்க வேண்டும். பொள்ளாச்சி இளநீர் குலையும் வாழைப்பழச் சீப்பும் கொண்டுபோய் வைப்பது நம் பக்கத்து அன்பு. சிறுநீரக நோயாளிக்கு அவற்றில் உள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே கெடுக்கும். ஆரஞ்சுப் பழக் கூடையும் அப்படித்தான். கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவருக்கு ஊசி போட்டு 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணு எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்குவது வழக்கம். டிசம்பர் 12 ஊசி என்றால் 19 முதல் 26 வரை, அதாவது வீடு நிறைய ஆள் வரும் அதே வாரம். அந்த நாட்களில் வெட்டி வைத்த பழம், பச்சைக் காய்கறி, பூச்செண்டு, சளி பிடித்த குழந்தை எதுவும் உள்ளே போகக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் 25ஆம் தேதி காலையானாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் பண்டிகை விடுமுறையில் இருந்தால் யாரைப் பார்ப்பது என்று 23ஆம் தேதிக்குள் கேட்டு எழுதி வையுங்கள். மருந்தும் இன்சுலினும் 10 நாளுக்கு வாங்கி வைத்துவிடுங்கள். ஆக்சிஜன் வைத்திருக்கும் வீட்டுக்கு மெழுகுவர்த்தியோடு கேரல் பாடப் போகாதீர்கள். குறைந்தது 10 அடி தூரத்துக்குத் தீ கூடாது. ஆக்சிஜன் கருவி மாட்டியிருக்கும் பிளக்கில் சீரியல் லைட் எதையும் சேர்த்து மாட்டவும் கூடாது.

நோயாளியைப் பார்க்க வருவோர்க்குச் சில வார்த்தை. 20 பேர் கொண்ட ஜெபக்குழு படுக்கையறைக்குள் நுழைந்து தலையில் கை வைப்பதை நிறுத்துங்கள். இருவர், ஐந்து நிமிடம், போன் செய்துவிட்டு, கை கழுவிவிட்டு. கட்டிலில் உட்கார வேண்டாம். “எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறு மாசம்தான் இருந்தாரு” என்ற கதை வேண்டவே வேண்டாம். நோயின் பெயரைப் பிரசங்க மேடையில் சொல்வதா, எந்த வார்த்தையில் சொல்வது என்பதை அந்த வீட்டாரிடம் கேட்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் “ஜெபிக்கவும்” என்று போடுகிறவர்கள், வயதுக்கு வந்த பெண்பிள்ளையும் அந்த வீட்டில் இருக்கிறாள், அவள் வகுப்புத் தோழிகளும் அதே குழுவில் இருக்கிறார்கள் என்பதை நினைக்க வேண்டும்.

சாப்பாடு. எந்தச் சபையிலும் நடப்பது இது: 25ஆம் தேதி ஆயர் வீட்டுக்கு ஏழெட்டுத் தூக்குப் பிரியாணி வந்து சேரும், 28ஆம் தேதி ஒரு சட்டி ரசம் வராது. நோயாளி பிரியாணி சாப்பிட மாட்டார், ஃபிரிட்ஜில் இடம் இராது, பாத்திரம் கழுவித் திருப்பிக் கொடுப்பது ஆயரம்மாவுக்கு இன்னொரு வேலை. பெண்கள் ஐக்கிய சங்கம் ஒரு தாளில் டிசம்பர் 10 முதல் ஜனவரி 10 வரை தேதி போட்டு, நாளுக்கு ஒரு குடும்பம் என்று எழுதிவிட்டால் போதும். மதியம் பன்னிரண்டரைக்குள் கேட்டருகே வைத்துவிட்டு வர வேண்டும், உள்ளே போய் உட்கார வேண்டாம். தூக்கில் பெயர் எழுதி ஒட்டி, மறுநாள் கொண்டுபோகும் வீட்டார் முந்தைய நாள் பாத்திரத்தை எடுத்து வர வேண்டும். உப்பு, காரம், எண்ணெய் எவ்வளவு என்பதை மருத்துவர் சொன்னபடி தாளின் தலைப்பில் எழுதி விடுங்கள்.

நம் பக்கம் இதற்கென்றே பிறந்தது அரிசியும் பருப்பும். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, பத்துச் சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, நாலு பல் பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள்தூள். நமக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர், நோயாளிக்கு ஐந்து டம்ளர் வைத்துக் குழைய விட வேண்டும், வரமிளகாய் போடாமல். இது டயாலிசிஸ்காரருக்குப் பொருந்தாது, பருப்பும் தக்காளியும் அளவோடுதான். அவர்களுக்கு இடியாப்பம் போன்ற சந்தகை நல்லது. காலையில் கீமோ முடித்து வந்து வாய்க்கு எதுவும் பிடிக்காதவரும் சந்தகையும் மோரும் இறக்குவார். பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். வீடே நோயாளியைச் சுற்றி ஓடும்போது அவர்களுக்குப் பண்டிகைப் பலகாரம் என்று கச்சாயமோ அதிரசமோ நாலு வர வேண்டும், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில் செய்தது இன்னும் நல்லது.

பணம். ஆயர் கையில் கவர் திணிப்பது நம் வழக்கம். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு அதில் கூடவே வரும், ஆயருக்குச் சபையில் வாய் திறக்கச் சங்கடமாகும். பொருளாளரிடம் தனித் தலைப்பில் வாங்கி, ரசீது போட்டு, மூன்று பேருக்கு மட்டும் தொகை தெரிய வைத்து, ஆஸ்பத்திரி பில்லுக்கு நேரே செலுத்துவது நல்லது. ஆஸ்பத்திரிக்கு எந்த நாள் யார் கார் ஓட்டுவது என்று ஒரு பட்டியல் பணத்தைவிடப் பல வீடுகளில் அதிகம் உதவும். உபதேசியார் குடும்பங்களின் வருமானம் பெரும்பாலும் குறைவு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகு அலைவதைவிட, இந்த வாரமே உங்கள் கிராமக் கோயில் உபதேசியாரிடம் கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெள்ளைக் காணிக்கை ஞாயிறும் கைக்கெட்டும் வாய்ப்பு. வெள்ளைத் தாளில் சுற்றிப் பீடத்தில் வைக்கும் பொருட்களைப் பிரித்துப் பார்த்தால் பாதி பழைய துணி, காலாவதியான பிஸ்கட். முந்தைய ஞாயிறே பட்டியல் கொடுங்கள்: துவரம்பருப்பு ஒரு கிலோ, கடலெண்ணெய் ஒரு லிட்டர், புதுப் போர்வை, பெரியவர்களுக்கான டயப்பர் எம், எல் அளவுகளில், மெத்தை நனையாத ரெக்சின் விரிப்பு. படுத்த படுக்கையாக இருப்பவர் உள்ள எந்த வீட்டிலும் கடைசி இரண்டும் மாதச் செலவை விழுங்கும் பொருட்கள்.

கடைப்பக்கம் போகும் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரல் குழுவுக்கு ஒரே நிற டி-சர்ட் ஒவ்வொரு வருடமும் புதிதாக அடிக்கிறார்கள். வெளிநாட்டுக் கிறிஸ்துமஸுக்கான சரக்கு திருப்பூரிலிருந்து ஆடி ஆவணியிலேயே பெட்டி கட்டிப் போய்விடும், டிசம்பர் ஆர்டர் நமக்காகத்தான். 200 ரூபாய் என்று வைத்தாலும் 60 பேருக்கு 12,000. வருடம் போடாமல் அடித்தால் ஐந்து வருடம் உடுத்தலாம். பிரிண்டில் வருடத்தைப் போடச் சொல்லி வற்புறுத்துகிறவர்களைக் கமிட்டி கொஞ்சம் கண்டிக்கலாம். மேடைக்கு மனை விற்பவர் விளம்பரம் கொடுத்தால் நிகழ்ச்சி நேரம் அவர் பேச்சுக்கு ஏற்ப நீளும், ஆயர் முடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் தாத்தாவை எதிர்க்கவில்லை. பிள்ளைகளுக்கு அவர் வேண்டும், பஞ்சுத் தாடிக்குச் செலவு ஒன்றுமில்லை. அவரைத் திறந்த ஜீப்பில் பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் விடுவதுதான் செலவு.

ரோமன் கத்தோலிக்கக் குருக்களுக்குக் குடும்பம் இல்லை, ஆனால் தனியே இருக்கும் குருவுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆள் இல்லை என்பதும் பங்கு மக்கள் கவனிக்க வேண்டியது. சுயாதீனச் சபைப் போதகர்களின் நிலை எல்லோரையும்விடக் கடினம். மேலே பேராயர் அலுவலகம் இல்லை, மாற்று ஆள் இல்லை, சம்பளமே காணிக்கைதான். ஒரு ஞாயிறு விட்டால் அந்த வார வருமானம் போயிற்று. அவர்கள் பக்கத்து ஊர்ப் போதகர் ஒருவரோடு “நீ படுத்தால் நான், நான் படுத்தால் நீ” என்று முன்கூட்டியே பேசி வைப்பதும், அன்றைய காணிக்கை படுத்தவருக்கே என்று முடிவு செய்வதும் சாத்தியம்தான்.

இதற்கெல்லாம் கமிட்டி கூட வேண்டியது நவம்பர் இரண்டாம் வாரத்தில். டிசம்பர் பிறந்துவிட்டால் வேன், பந்தல், ஒலிபெருக்கி, டி-சர்ட் அனைத்துக்கும் முன்பணம் போயிருக்கும். அதன் பிறகு ஒரு நிகழ்ச்சியைக் கூடக் குறைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
குருசேகரக் கமிட்டி, பெண்கள் ஐக்கிய சங்க முன்னாள் பொறுப்பாளர்கள் சிலர்,
ஈரோடு மாவட்டம்.